ஊசல் ஓயும் விதம்: தணிப்பு ஒரே ஒரு எண்தானா?

கேள்வி இப்படி வந்தது:

"மோட்டாரால் ஆட்டப்படும் ஊசலைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். தணிப்புக் கெழு, அதாவது ஆட்டத்தைத் தடுக்கும் விசையின் அளவு, 0.5. ஆட்டும் அதிர்வெண், ஊசலின் சொந்த அதிர்வெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. மோட்டாரின் உந்துதலை 1.15 என்று வைத்தால் பாடநூலில் உள்ளதுபோலவே கேயாஸ் வருகிறது, கணிக்க முடியாதபடி தறிகெட்டு ஆடுகிறது. அப்புறம் நிஜமாகவே ஒன்று செய்தேன். வேண்டிய அளவு தணிப்பு கிடைக்க ஊசலில் ஓர் அட்டையை ஒட்டினேன். 30 பாகையிலிருந்து விட்டு, ஓய்வதை அளந்து, கெழுவைச் சரியாக 0.5-க்குக் கொண்டுவந்தேன். மோட்டாரைப் போட்டால் கேயாஸ் வரவே இல்லை. ஒரே சீராக ஆடுகிறது. தணிப்பு என்பது ஒரு எண்தானே? எங்கே பிசகு?"

பிப்ரவரி 4

"ஒரு எண்தானே" என்கிற இடத்தில்தான் பிசகு என்று நினைக்கிறேன்.

பள்ளியில் தடையுறு அலைவு படிக்கும்போது, தடை விசை வேகத்துக்கு நேர்விகிதம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவோம். அப்படி எழுதினால் சமன்பாடு கையால் தீரும். அதனால் அந்த வடிவம் நிலைத்துவிட்டது. ஊசலுக்கு அது தெரியாது. குறைந்தது மூன்று விதமாக ஓர் ஊசல் ஓயலாம்.

தடை வேகத்துக்கு நேர்விகிதமானால், ஒவ்வொரு ஆட்டத்திலும் வீச்சு அதே பங்கு குறையும். வீச்சின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. தடை வேகத்தின் இருமடிக்கு விகிதமானால், பெரிய ஆட்டத்தில் வேகமாகக் குறைந்து, சின்ன ஆட்டத்தில் இழுத்துக்கொண்டே போகும். இங்கே வீச்சின் தலைகீழியை வரைந்தால்தான் நேர்கோடு வரும். எண்ணெய்ப் பசை இல்லாமல் இரண்டு பரப்புகள் உரசும் உலர் உராய்வானால், வீச்சு எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே பாகை கழியும். வீச்சையே வரைந்தால் நேர்கோடு, ஒரு கட்டத்தில் டக்கென்று நின்றும் போகும்.

நீங்கள் எதை எதற்கு எதிராக வரைந்தீர்கள்? கோடு நேராக இருந்ததா?

பிப்ரவரி 4, இரவு

மேலே எழுதிய பிறகு ஒன்று உறைத்தது. கெழு 0.5 என்பது மிகக் கனமான தணிப்பு. 30 பாகையில் விட்டால் அடுத்த பக்கம் 13, திரும்ப 6, அப்புறம் 2.6. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. நான்கு புள்ளிகள்! நான்கு புள்ளிகள் வழியாக எந்த வளைவையும் ஓட்டிவிடலாம். உங்கள் அளவீடு தப்பு என்று சொல்லவில்லை. எந்த வகைத் தணிப்பு என்பதைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அதில் தகவல் இல்லை.

பிப்ரவரி 6

என் ஊசலைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருமே, அந்த 608 பேரிங், உள்துளை 8 மில்லிமீட்டர். அதில் 40 சென்டிமீட்டர் அலுமினியக் கம்பி, நுனியில் 5 சென்டிமீட்டர் விட்டத்தில் பித்தளைக் குண்டு. இரும்பு ஆங்கிளில் பொருத்தி, மர மேசையில் கிளாம்ப் போட்டு நிறுத்தியிருந்தேன். கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்து, ஒவ்வொரு உச்சியையும் பாகைமானியில் படித்தேன்.

மடக்கைக் கோடு நேராக வரவில்லை. ஆரம்பத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு தளர்ந்தது. காற்றுதான் காரணம், இருமடித் தடை என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். குண்டு நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனால் ரெனால்ட்ஸ் எண் (காற்றின் நிலைமம் அதன் பாகுத்தன்மையைவிட எத்தனை மடங்கு ஓங்கியிருக்கிறது என்பதன் அளவு) 3000-க்கு மேல் வருகிறது. பந்தின் மீதான தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்கிற ஸ்டோக்ஸ் விதி, அந்த எண் 1-க்குக் கீழே இருந்தால்தான் செல்லும். எனவே காற்றைப் பொறுத்தவரை பாடநூலின் நேரியல் தடை ஊசல் குண்டுக்குப் பொருந்தவே பொருந்தாது.

(மார்ச் 3 குறிப்பைப் பாருங்கள். கடைசி வாக்கியம் அப்படியே நிற்காது.)

பிப்ரவரி 10

இதை முதலில் கவனித்தவர் யார் என்று தேடினால் நியூட்டனிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. பிரின்சிபியாவின் இரண்டாம் புத்தகத்தில் ஊசல் சோதனைகள் வருகின்றன. ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் விட்டமுள்ள மரப்பந்து, மெல்லிய நூல், கொக்கியிலிருந்து அலைவு மையம் வரை பத்தரை அடி. இறங்கும் வில்லின் நீளம் 2, 4, 8, 16, 32, 64 அங்குலமாக இருக்கும்படி விட்டுவிட்டு, அசைவில் எட்டில் ஒரு பங்கு குறைய எத்தனை அலைவு ஆகிறது என்று எண்ணினார்.

எண்ணிக்கை: 164, 121, 69, 35½, 18½, 9⅔.

இந்த ஆறு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தடை வேகத்துக்கு நேர்விகிதமாக இருந்திருந்தால் ஆறும் ஒரே எண்ணாக வந்திருக்கும். சுத்தமான இருமடித் தடையானால் ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. பின்பாதியைப் பாருங்கள்: 69, 35½, 18½, 9⅔. கிட்டத்தட்ட பாதி பாதியாகக் குறைகிறது. முன்பாதியில் 164-க்கு அடுத்தது 121, பாதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஒரே பந்து, ஒரே நூல், ஆனால் தணிப்பின் குணம் நடுவழியில் மாறுகிறது. அவர் தடையை வேகம், வேகத்தின் ஒன்றரை அடுக்கு, வேகத்தின் இருமடி என்று மூன்று உறுப்பாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். 1687-ல் அச்சான புத்தகம். நாம் இன்னும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

பிப்ரவரி 17

பேரிங்கைக் கழற்றிக் கழுவினேன். பக்கத் தகட்டை ஊசியால் நெம்பி எடுத்து, ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். பழுப்பு நிற கிரீஸ் நூல் நூலாகப் பிரிந்து அடியில் படிந்தது. காயவைத்து விரலில் மாட்டிச் சுண்டினால், முன்பு நாலு சுற்றில் நின்றது இப்போது நின்றபாடில்லை. சன்னமான ஒரு கிலுகிலுப்பு மட்டும் கேட்கிறது.

மறுபடி ஆடவிட்டேன். வளைவின் வால், அதாவது ஓயும் கடைசிப் பகுதி, வடிவம் மாறிவிட்டது. கிரீஸ் இருந்தபோது கடைசி 5 பாகையும் வழுவழுவென்று தேய்ந்து மறைந்தது. கழுவிய பிறகு கடைசியில் சீரான படிக்கட்டாக இறங்கி நின்றது. உலர் உராய்வின் கையெழுத்து அது. அப்படியானால் ஒரே ஊசலில் மேல்பகுதி காற்றுக்கு, அடிப்பகுதி பேரிங்குக்கு. ஆறாம் தேதி "காற்றுதான்" என்று எழுதியது பாதிக்குத்தான் உண்மை.

பிப்ரவரி 18

பாதிகூட இல்லை.

மேசைமேல் தண்ணீர் டம்ளர் ஒன்றை வைத்துவிட்டு மறந்திருந்தேன். ஊசல் பெரிதாக ஆடும்போது தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம். ஊசல் ஒரு பக்கம் உச்சிக்குப் போனதும் தண்ணீர் ஒரு விளிம்பில் ஏறுகிறது, மறுபக்கம் போனதும் மறு விளிம்பில். மேசை சேர்ந்து ஆடுகிறது! ஊசலின் ஆற்றலை மேசைக்கால்கள் வாங்கித் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தன. பெரிய ஆட்டத்தில் செங்குத்தாக இறங்கிய அந்தக் கோட்டில் காற்றின் பங்கு எவ்வளவு, மேசையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. நோட்டில் பத்து நாள் கணக்கை அடித்துவிட்டேன்.

இதிலும் நியூட்டன் முன்னால் போயிருக்கிறார். எங்கும் நிறைந்திருப்பதாக அந்தக் காலத்தில் கருதிய ஈதர் என்னும் நுண்பொருள் பொருளின் உள்ளே புகுந்து தடை செய்கிறதா என்று பார்க்க, ஒரு மரப்பெட்டியை வெறுமையாகவும், உள்ளே உலோகம் நிரப்பியும் ஆட்டிப் பார்த்தார். முதல் தடவை கணக்கு உதைத்தது. காரணம் தேடினால், கொக்கி பலமில்லாமல் ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. உறுதியான கொக்கி மாற்றித் திரும்பச் செய்தார். குறித்துவைத்த தாள் தொலைந்துவிட்டது, நினைவிலிருந்து எழுதுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். தாங்கியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அவர் ஒதுக்கிவிடாமல் எழுதி வைத்தாரே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

மார்ச் 2

ஆங்கிளைச் சுவரில் துளைபோட்டு ஆங்கர் போல்ட்டால் இறுக்கியாயிற்று. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். 60 பாகையிலிருந்து 10 பாகைக்கு வர முன்பு எடுத்ததைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆட்டம் ஆகிறது. வளைவு இன்னும் இருக்கிறது, ஆனால் இப்போது வீச்சின் தலைகீழியை வரைந்தால் மேல்பகுதி ஸ்கேல் வைத்தாற்போல் நிற்கிறது. அது காற்று. இனி தைரியமாகச் சொல்லலாம்.

மார்ச் 3

ஸ்டோக்ஸைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 1-க்குக் கீழே என்பது ஒரே திசையில் சீராகப் போகும் பந்துக்கான வரம்பு. ஊசல் போய்ப்போய்த் திரும்புகிறது. அதற்கென்றே ஸ்டோக்ஸ் 1850-ல் தனியாக ஒரு பெரிய ஆய்வு செய்தார். அசைவின் வீச்சு பந்தின் அளவைவிடச் சிறிதாக இருந்தால், காற்று பந்தைவிட்டுப் பிரிந்து சுழியாக உருள்வதற்குள் பந்து திரும்பிவிடும். பந்தை ஒட்டிய ஒரு மெல்லிய காற்றுப் படலம் மட்டுமே தேய்ப்பில் ஈடுபடும். என் குண்டுக்கு அந்தப் படலம் சுமார் 2.5 மில்லிமீட்டர். அப்போது தடை நேரியல்தான். அது அதிர்வெண்ணையும் பொறுத்தது என்பது மட்டும் கூடுதல்.

இதை வைத்துக்கொண்டு நியூட்டனின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பந்து ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2, 4 அங்குல ஆட்டங்கள் பந்தின் விட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 8 அங்குலத்தில் விட்டத்தைத் தாண்டுகிறது. எண்ணிக்கை பாதி பாதியாகக் குறையத் தொடங்குவதும் அங்கேதான். என் ஊகம்தான் இது, நூலுக்கும் கொக்கிக்கும் பங்கு இருக்கும். ஆனால் அந்த 8 கண்ணில் பட்டபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11

உங்கள் கேயாஸுக்கு வருகிறேன். இதுதான் இந்தப் பேச்சின் முக்கியமான இடம், பொறுமையாகப் படியுங்கள்.

ஊசலைத் தலைகீழாக நிறுத்தி மெல்ல விட்டால், தடை இல்லாதபோது, ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி உச்சியில் வந்து நிற்கப் பார்க்கும். அந்த ஒரு சுற்றில் தணிப்பு தின்னும் ஆற்றலையும் மோட்டார் அதிகபட்சம் ஊட்டக்கூடிய ஆற்றலையும் ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும் இடத்தைக் கண்டுபிடிப்பது மெல்னிகோவ் முறை. மோட்டார் அதைத் தாண்டினால் கேயாஸுக்கு வாசல் திறக்கிறது. கையாலேயே போடக்கூடிய கணக்கு. ஊசலின் சொந்த அதிர்வெண்ணை 1 என்று வைத்தால், வாசல் உயரம், அதாவது வாசல் திறக்க வேண்டிய உந்துதல், இப்படி வருகிறது: நேரியல் தணிப்புக்குக் கெழுவின் 1.27 மடங்கு, இருமடித் தணிப்புக்குக் கெழுவின் 2 மடங்கு, உலர் உராய்வுக்குக் கெழுவின் 1 மடங்கு. மூன்றையும் ஆட்டும் அதிர்வெண்ணைப் பொறுத்த ஒரே காரணியால் பெருக்க வேண்டும். உங்கள் அதிர்வெண்ணுக்கு அது 1.6.

இப்போது மூன்று ஊசல்கள். மூன்றும் அரை ரேடியன் வீச்சில், அதாவது சுமார் 29 பாகையில், ஒரு சுற்றில் ஒரே அளவு ஆற்றல் இழக்கும்படி அமைத்துவிட்டோம் என்று வையுங்கள். நீங்கள் 30 பாகையில் அளந்தீர்களே, அங்கே மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். நேரியல் கெழுவை 1 என்று கொண்டால், சமமான இருமடிக் கெழு 2.36, சமமான உலர் உராய்வு 0.39. வாசல் உயரம்: உலர் 0.39, நேரியல் 1.27, இருமடி 4.71.

இரண்டு கோடிக்கும் நடுவே பன்னிரண்டு மடங்கு! நேரியலுக்கும் இருமடிக்கும் இடையே மட்டும் 3.7 மடங்கு. நீங்கள் ஒட்டியது அட்டை. அட்டையைச் சுற்றிக் காற்று சுழித்துக்கொண்டு பிரியும், அது இருமடித் தடையின் சொந்த வீடு. சின்ன ஆட்டத்தில் 0.5 என்று காட்டிய அந்த அட்டை, ஊசல் வேகமெடுத்துத் தலைக்கு மேல் போகும்போது பன்மடங்கு இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் ஊசல் தலைகுப்புறப் போகவே இல்லை.

மார்ச் 12

நேற்று "வாசல் திறக்கிறது" என்று எழுதியதை யாரும் "கேயாஸ் தொடங்குகிறது" என்று படித்துவிடக் கூடாது. மெல்னிகோவ் சொல்வது, தணிப்பும் உந்துதலும் சிறிதாக இருக்கும்போது, எந்தத் தொடக்கம் எங்கே போய்ச் சேரும் என்பதன் எல்லைகள் சிக்கிக்கொள்ளத் தொடங்கும் இடம். ஊசல் கொஞ்ச நேரம் தறிகெட்டு ஆடி, பிறகு சீராகிவிடலாம். நிலையான கேயாஸ் அதற்கு மேலே. உங்கள் 0.5 சிறிய தணிப்பும் இல்லை. ஆகவே 4.71-ஐத் துல்லிய அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வகையும் எந்த வரிசையில் நிற்கின்றன, இடைவெளி எவ்வளவு பெரிது என்பதுதான் விஷயம்.

மார்ச் 12, மாலை

ஓர் ஊசலின் நுனியில் இன்னோர் ஊசலைத் தொங்கவிட்ட இரட்டை ஊசலைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு மோட்டார் இல்லை, கொடுத்த ஆற்றல் தீரும்வரைதான் கேயாஸ். பேரிங் தின்னத் தின்ன, கடைசியில் இரண்டு கம்பியும் சாதுவாகச் சேர்ந்து ஆடும்.

மார்ச் 21

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோணம் ஒரு அச்சு, வேகம் ஒரு அச்சு என்று வரைந்து, அதில் ஒரு சிறு வட்டத்துக்குள் நிறைய ஊசல்களைத் தொடங்கிவிடுங்கள். நேரியல் தணிப்பில் அந்த வட்டத்தின் பரப்பு எங்கே இருந்தாலும் ஒரே வேகத்தில் சுருங்கும். கெழு 0.5 என்றால், மோட்டாரின் ஒரு சுற்றுக்குள் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. அதுதான் கேயாஸின் படமாக நீங்கள் பாடநூலில் பார்க்கும் மடிப்பு மடிப்பான அந்த அழகிய உருவத்தை அடுக்கித் தருகிறது.

இருமடித் தணிப்பில் சுருக்கம் வேகத்தைப் பொறுத்தது. ஊசல் பாய்ந்து போகும்போது சுருங்கும், திரும்பும் முனையில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. உலர் உராய்வில் நேர் எதிர். ஓடும்போது பரப்பு துளியும் மாறாது. நிற்கிற அந்தக் கணத்தில்தான் எல்லாச் சுருக்கமும். ஆக, தணிப்பின் வகை மாறினால் உருவத்தின் மடிப்புகள் எங்கே நெருங்கும், எங்கே விரியும் என்பதே மாறிவிடுகிறது. தணிப்பு என்றால் ஆட்டத்தைக் குறைக்கும் ஒரு தொல்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அந்த உருவத்தைச் செய்வதே அதுதான்.

மார்ச் 24

சீரான ஆட்டத்தின் சுற்றுக்காலம் திரும்பத் திரும்ப இரட்டித்துக் கேயாஸாக மாறும் இரட்டிப்பு வரிசையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. உங்கள் அளவுகளில், நேரியல் தணிப்போடு, ஆட்டத்தின் சுற்றுக்காலம் முதலில் இரட்டிப்பது உந்துதல் 1.0663-ல். அடுத்தது 1.0793, அதற்கடுத்தது 1.0821. வரிசை முடிந்து கேயாஸ் பிறப்பது 1.0829-ல். முழு நாடகமும் ஒன்றரை சதவீத இடைவெளிக்குள் முடிந்துவிடுகிறது. இடைவெளிகள் ஒவ்வொன்றும் சுமார் 4.67 பங்காகக் குறையும் என்பது இயற்பியலாளர் ஃபைகன்பாம் கண்ட விகிதம். தணிப்பின் வகை வழவழப்பாக மாறினால் அந்த விகிதம் மாறாது, ஆனால் வரிசை நடக்கும் இடம் நகர்ந்துவிடும். உலர் உராய்வில் ஊசல் ஒட்டி நின்று கிளம்பினால் அந்த உத்தரவாதமும் இல்லை.

கிரீஸ் போட்ட பேரிங்கைக் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் அளந்து பார்த்தேன். எங்கள் ஊர் வெயிலில் கிரீஸ் இளகி, ஓய எடுக்கும் ஆட்டங்கள் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தன. ஒன்றரை சதவீத ஜன்னலைத் தேடும்போது வீடே பத்து சதவீதம் நகர்கிறது.

ஏப்ரல் 7

பாடநூல் சமன்பாட்டையே நிஜத்தில் பார்க்க வேண்டுமா? அட்டையைப் பிய்த்துப் போடுங்கள். ஊசலின் அச்சில் ஓர் அலுமினியத் தட்டை மாட்டி, அதன் பக்கத்தில் ஒரு நியோடிமியம் காந்தத்தை வையுங்கள். தட்டு சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து எதிர்த்து இழுக்கும். ஊசலின் வேகங்களில் அந்த இழுப்பு வேகத்துக்கு நேர்விகிதமாகவே இருக்கும். காந்தத்தை நெருக்கினால் தணிப்பு கூடும், விலக்கினால் குறையும். ஆய்வகங்களுக்கு விற்கும் கேயாஸ் ஊசல்களிலும் இதே ஏற்பாடுதான்.

காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சுழலும் தட்டுக்குப் பக்கத்தில் மெல்லக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவே இல்லை, ஆனால் தேனுக்குள் கை விட்டதுபோல் விரலில் ஓர் இழுப்பு தெரியும்.

ஏப்ரல் 19

கேட்ட மாணவர் எழுதியிருக்கிறார்: காந்தம் வைத்த பிறகு ஊசல் தலைகுப்புறப் போய்வருகிறது, இடமும் வலமும் கணிக்க முடியாதபடி மாறி மாறி. மனசு நிறைந்தது. மோட்டார் ஊசலின் பாரத்தில் வேகம் குறைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் தணிப்பு சரியாக இருந்தாலும் உந்துதல் தப்பாகிவிடும்.

மே 3

காந்தம் வைத்தாலும் பேரிங் உள்ளே இருக்கிறது. அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி கண்டேன். காந்தத்தை எடுத்துவிட்டு, ஊசலைச் சும்மா ஆடவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று மட்டும் குறியுங்கள். நேரியல் தணிப்பு மட்டும் இருந்தால் எப்போதும் நட்ட நடுவில்தான் நிற்க வேண்டும். உலர் உராய்வு இருந்தால், நடுவுக்கு இரு பக்கமும் ஒரு சிறு அகலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும்.

நேற்று இருபது தடவை விட்டேன். சுவரில் ஒட்டிய வரைபடத்தாளில் பென்சிலால் இருபது புள்ளி. எல்லாம் நடுக்கோட்டின் இரு பக்கமுமாக, அரை பாகை அகலத்துக்குள் சிதறிக் கிடக்கின்றன. நடுக்கோட்டின் மேலேயே விழுந்தது ஒன்றுதான்.